கலினின் நகர அணி, 1951: இரண்டாம் பிரிவை ஜெயித்து, கோப்பை இறுதி வரை வந்து, காணாமல் போன அணி

1951 அக்டோபர், மாஸ்கோவில் தினமோ மைதானம், சோவியத் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சி.டி.எஸ்.ஏ. இன்றைக்கு நாம் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ என்று சொல்கிற ராணுவ அணிக்கு அப்போது அதுதான் பெயர். லெப்டினென்ட்களின் அணி என்று ஜனங்கள் செல்லமாகக் கூப்பிடுவார்கள். 1946, 1947, 1948, 1950 என்று லீக் பட்டங்களை அடுக்கி வைத்திருந்தது, 1951 பட்டமும் அவர்களுக்கே போனது. எதிர்ப்பக்கம் நின்றது கலினின் நகர அணி. அது அந்த வருஷம் முதல் பிரிவிலேயே இல்லை, இரண்டாம் பிரிவான 'பி' பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது.

தொண்ணூறு நிமிடத்தில் முடிவு வரவில்லை. கூடுதல் நேரம் போய்த்தான் சி.டி.எஸ்.ஏ. 2-1 என்று ஜெயித்தது. அதே சீசனில் கலினின் 'பி' பிரிவில் முதலிடம் பிடித்து மேலே ஏறியது. அடுத்த வருஷம் நாட்டின் பெரிய அணிகளோடு ஆடியது. அதற்கடுத்த வருஷம் அந்த அணியே இல்லை.

இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு ஏறி இப்படி மறைந்துபோன அணி சோவியத் கால்பந்தில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆட்டத்தில் தோற்று மறைந்திருந்தால் அதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். களத்தில் அது செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டது. பிறகு என்ன நடந்தது என்பதைப் பார்த்தால், போருக்குப் பிந்தைய சோவியத் இரண்டாம் பிரிவு எப்படி இயங்கியது என்பது மொத்தமாகத் தெரிந்துவிடும். புள்ளிப் பட்டியல் ஓரளவுக்குத்தான் பேசியது, அதற்கு மேல் பேசியது அந்த அணி யாருடையது என்ற கேள்வி.

முதலில் ஊர்

கலினின் என்றால் இன்றைய ட்வேர். மாஸ்கோவுக்கு வடமேற்கே, மாஸ்கோ - லெனின்கிராடு ரயில் பாதையில், வோல்கா ஆற்றங்கரையில் இருக்கிற பழைய ஊர். 15-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து பீதர் வரை சுற்றிவிட்டுப் போன வணிகர் அஃபனாசி நிகிதின் இந்த ஊர்க்காரர்தான். 1931-ல் சோவியத் தலைவர் மிகயில் கலினின் பெயரை ஊருக்கு வைத்தார்கள், 1990-ல் பழைய பெயர் திரும்பியது. ஜவுளி ஆலைகளும் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இருந்த தொழிலாளர் ஊர்.

1941 அக்டோபரில் ஜெர்மன் படை இந்த ஊருக்குள் வந்தது. டிசம்பர் 16 அன்று செம்படை மீட்டது. நடுவில் போன இரண்டு மாதத்தில் ஊர் உருக்குலைந்து கிடந்தது. அந்த ஊரின் பெயரைச் சுமந்த அணி, சரியாகப் பத்து வருஷம் கழித்து, அதே அக்டோபர் மாதத்தில் மாஸ்கோவில் கோப்பை இறுதிக்கு நின்றது என்பதை வெறும் தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. போரைப் பார்த்துத் தாங்கியவர்கள்தான் அந்த ஊரில் அப்போது இருந்தார்கள். வானொலியில் ஊர் பெயரைக் கேட்பது அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்!

ஆனால் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெயர்தான் ஊருடையது. அணி மாஸ்கோ ராணுவ மாவட்டத்துடையது. ரஷ்ய மொழியில் அந்த மாவட்டத்தின் பெயர்ச் சுருக்கம் எம்.வி.ஓ. பழைய பட்டியல்களைப் புரட்டும்போது 1951, 1952-ல் 'கலினின்' என்று இருக்கிற அணி 1953-ல் 'எம்.வி.ஓ.' என்று இருக்கும். தெரியாமல் பார்த்தால் இரண்டு அணி என்று நினைத்துவிடுவோம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஊர் பெயர் சட்டை போல மாட்டப்பட்டது, பிறகு கழற்றப்பட்டது, உள்ளே இருந்தது எப்போதும் ராணுவ மாவட்டம்தான்.

அணிகள் யாருடையவை

சோவியத் கால்பந்தில் நம் காலத்து அர்த்தத்தில் கிளப் முதலாளி கிடையாது, சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர் என்று ஏட்டில் யாரும் கிடையாது. ஒவ்வொரு அணியும் ஏதாவது ஒரு துறையின், ஆலையின், அல்லது தொழிற்சங்கத்தின் விளையாட்டுச் சங்கத்தைச் சேர்ந்தது. தினமோ என்றால் உள்துறையும் பாதுகாப்புத் துறையும். லோகோமோட்டிவ் ரயில்வே. டார்ப்பிடோ மோட்டார் வாகனத் தொழிற்சாலை. கிரிலியா சோவியத்தோவ் விமானத் தொழில். ஷாக்தியோர் சுரங்கத் தொழிலாளர்கள். பிஷ்செவிக் உணவுத் தொழிலாளர்கள், நெஃப்தியானிக் எண்ணெய்த் தொழிலாளர்கள். ஸ்பார்ட்டக் கூட்டுறவுக்காரர்களின் அணி. ஆட்டக்காரர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் தொழிலாளியாகவோ, படைப்பிரிவின் பட்டியலில் அதிகாரியாகவோ இருப்பார், உண்மையில் முழு நேரமும் பந்துதான் ஆடுவார்.

இதில் ராணுவத்துக்கு ஒரு தனிப் பலம் உண்டு. வயது வந்த ஒவ்வொருவரும் கட்டாய ராணுவச் சேவைக்குப் போக வேண்டும். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் ஆலை அணியில் பிரகாசித்தால், சேவைக்கான ஆணை வந்ததும் அவர் எங்கே போவார் என்பது ராணுவத்தின் கையில். மற்ற அணிகள் வீடு, வேலை, சம்பளம் என்று பேசி ஆள் பிடிக்க வேண்டும், ராணுவ அணிக்கு அழைப்பாணை போதும். மாஸ்கோ ராணுவ மாவட்டம் போன்ற பெரிய மாவட்டத்துக்குக் கீழே எவ்வளவு இளைஞர்கள் சேவைக்கு வருவார்கள் என்று நினைத்துப் பாருங்கள், கலினின் அணியின் பலம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதில் பெரிய மர்மம் இல்லை.

சரி, இது அநியாயம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அன்றைக்கு எல்லா அணிக்கும் இப்படி ஏதோ ஒரு கை இருந்தது. போர் முடிந்த பிறகு இரண்டாம் பிரிவை ஜெயித்த முதல் மூன்று அணிகளைப் பாருங்கள். 1945-ல் குய்பிஷெவ் நகரத்தின் கிரிலியா சோவியத்தோவ். போரின்போது விமான ஆலைகளைக் கிழக்கே வோல்கா கரைக்கு நகர்த்தினார்கள், அந்த ஆலைகளோடு 1942-ல் பிறந்த அணி அது. 1946-ல் வி.வி.எஸ்., அதாவது மாஸ்கோ ராணுவ மாவட்டத்தின் விமானப்படை. 1947-ல் லோகோமோட்டிவ் மாஸ்கோ, 1945-ல் கீழே இறங்கி மீண்டு வந்த ரயில்வே அணி. விமான ஆலை, விமானப்படை, ரயில்வே. போரில் நாடு எதை எல்லாம் நம்பி நின்றதோ அவைதான் இரண்டாம் பிரிவிலும் மேலே வந்தன.

குய்பிஷெவ் அணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டாம் பிரிவிலிருந்து வந்த அணி மேலே எப்படித் தாக்குப்பிடிக்கலாம் என்று காட்டியது அதுதான். பயிற்சியாளர் அலெக்சாந்தர் அப்ரமோவ். பெரிய அணிகளோடு திறந்து ஆடினால் கோல் மழை வாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து, பின்வரிசைக்கு ஆள் கூட்டி இறுக்கி அடைத்து ஆடும் முறையை அவர் கொண்டுவந்தார். 'வோல்கா கொக்கி' என்று சொல்லலாம், ரஷ்யப் பெயரின் அர்த்தம் கிட்டத்தட்ட அதுதான். இத்தாலியர்களின் இறுக்கமான தற்காப்பு ஆட்டம் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே இது நடந்தது. 1951-ல் கலினின் கீழே ஜெயித்துக்கொண்டிருந்தபோது, ஆறு வருஷம் முன்பு அதே வழியில் ஏறிய குய்பிஷெவ் முதல் பிரிவில் நான்காவது இடத்தில் முடித்தது. ஆக, ஏறியவர்கள் தங்க முடியும் என்பதற்கு உதாரணம் கண்ணெதிரே இருந்தது.

பட்டியல் சொன்னதும் நடந்ததும்

மேலே ஏறுவது, கீழே இறங்குவது என்ற விதி காகிதத்தில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததா என்பதற்கு வி.வி.எஸ். நல்ல சான்று. 1947-ல் முதல் பிரிவில் 13 அணிகள், வி.வி.எஸ்.தான் கடைசி. கீழே இறங்கவில்லை. 1948-ல் 14 அணிகள் என்று ஆக்கினார்கள், கடைசி இடத்து வி.வி.எஸ். அப்படியே இருக்க, இரண்டாம் பிரிவை ஜெயித்த லோகோமோட்டிவ் கூடச் சேர்ந்துகொண்டது. 1948-லிருந்து மாஸ்கோ மாவட்ட விமானப்படையின் தளபதி யார் தெரியுமா? வசீலி ஸ்டாலின். பெயரைப் பார்த்தாலே புரியும், ஸ்டாலினின் மகன். வி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்கு 'எல்லா விளையாட்டு வீரர்களையும் எடுத்துக்கொண்டார்கள்' என்று ரஷ்யர்கள் விரிவாக்கம் சொன்னது சும்மா இல்லை. சி.டி.எஸ்.ஏ.வின் பெரிய நட்சத்திரமான வ்செவலோத் போப்ரோவே அங்கே போய்ச் சேர்ந்தார்.

லீக்கின் அளவும் வருஷத்துக்கு வருஷம் மாறியது. 1945-ல் முதல் பிரிவில் 12 அணி, 1947-ல் 13, 1948-ல் 14, 1950-ல் 19, 1951-ல் 15. போருக்குப் பிந்தைய வருஷங்களில் முதல் குழு, இரண்டாம் குழு என்று இருந்த பெயர்கள் 1950-ல் 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு என்று மாறின. 'பி' பிரிவின் அணிகள் பால்டிக் கரை, உக்ரைன், காகசஸ், யூரல், மத்திய ஆசியா என்று நாடு முழுக்கப் பரவியிருந்தன. ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு நாட்கணக்கில் ரயிலில் உட்கார்ந்து போய், ஆடி, நாட்கணக்கில் திரும்ப வேண்டும். போரில் நொறுங்கிய மைதானங்கள், மோசமான புல், மழையில் கனத்துப்போகும் தோல் பந்து. 'ஏ' பிரிவு ஆட்டம் என்றால் வதீம் சின்யாவ்ஸ்கியின் குரலில் வானொலி வர்ணனை கிடைக்கும். 'பி' பிரிவுக்கு அந்த வெளிச்சம் கிடையாது.

1951-ல் இந்த நீண்ட சீசனைக் கலினின் முதலிடத்தில் முடித்தது. கூடவே கோப்பைப் போட்டியில் இறுதி வரை. இரண்டையும் ஒரே வருஷத்தில் இழுத்துக்கொண்டு போவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது கால்பந்து பார்க்கிற யாருக்கும் தெரியும். லீக்கில் ஒரு நாள் சறுக்கினால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம், கோப்பையில் ஒரு சறுக்கல் போதும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த இறுதி ஆட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு அணியுமே ராணுவம். ஒன்று ராணுவத்தின் தலைமை அணி, மற்றது அதே ராணுவத்தின் ஒரு மாவட்ட அணி. அண்ணனும் தம்பியும் மோதியது போல. தம்பி கூடுதல் நேரம் வரை அண்ணனை விடவில்லை. அண்ணன் ஜெயித்து அந்த வருஷம் லீக், கோப்பை இரண்டையும் வைத்துக்கொண்டது. அடுத்து நடந்தவற்றில் தம்பியின் தலையெழுத்து அண்ணனுடைய தலையெழுத்தோடு கட்டப்பட்டிருந்தது, அது அக்டோபரில் யாருக்கும் தெரியாது.

1952

1952-ல் சோவியத் யூனியன் முதல் முறையாக ஒலிம்பிக்குக்குப் போனது, ஹெல்சிங்கி. கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் சி.டி.எஸ்.ஏ.வின் போரிஸ் அர்காதியெவ். ஒலிம்பிக் தயாரிப்புக்காக உள்நாட்டு லீக்கையே சுருக்கினார்கள். வழக்கமாக ஊருக்கு ஊர் போய் இரண்டு சுற்று ஆடும் இடத்தில், ஒரே சுற்று, அதுவும் பெரும்பாலும் மாஸ்கோவிலேயே. இதன் பலன் கலினினுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். வருஷம் முழுக்க நாடெங்கும் ரயிலில் அலைந்து மேலே ஏறிய அணி, கடைசியில் பெரிய அணிகளைத் தன் ஊருக்குக் கூட்டிவந்து தன் ஜனங்கள் முன்னால் ஆடும் அந்த ஒரு சந்தோஷம் அந்த வருஷம் அதற்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு இந்தக் கதையிலேயே அதிகம் வலிக்கிற இடம் இதுதான். அணி கலைக்கப்பட்டதை விடவும் இது. வோல்காக் கரை ஆலைத் தொழிலாளிக்கு ஸ்பார்ட்டக்கையோ தினமோவையோ தன் ஊர் மைதானத்தில் பார்க்கும் உரிமை பட்டியல்படி வந்து சேர்ந்துவிட்டது, அட்டவணை அதைப் பறித்துக்கொண்டது.

ஹெல்சிங்கியில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பல்கேரியாவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தாண்டினார்கள். அடுத்து யுகோஸ்லாவியா. 1948-ல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்ட டிட்டோவின் நாடு என்பதால் இது வெறும் ஆட்டமாக இல்லை. 1-5 என்று பின்தங்கியிருந்து போப்ரோவ் மூன்று கோல் போட்டு 5-5 வரை இழுத்துவந்தார்கள். இரண்டு நாள் கழித்து மறு ஆட்டத்தில் 1-3 என்று தோல்வி. அவ்வளவுதான், வீட்டுக்கு.

ஆகஸ்ட் 18 அன்று விளையாட்டுக் குழுவின் ஆணை வந்தது. சி.டி.எஸ்.ஏ. அணி கலைக்கப்படுகிறது, ஒலிம்பிக்கில் நாட்டின் மானத்துக்குச் சேதம் விளைவித்ததற்காக. ஹெல்சிங்கி அணியில் பல கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், சி.டி.எஸ்.ஏ.காரர்கள் சிலர்தான். தண்டனை மட்டும் முழு அணிக்கும். அர்காதியெவின் மதிப்புப் பட்டம் பறிக்கப்பட்டது, வேறு சிலருக்கும் தண்டனை. அந்த சீசனில் சி.டி.எஸ்.ஏ. ஏற்கெனவே ஆடியிருந்த மூன்று ஆட்டங்களின் முடிவுகளை ரத்து செய்தார்கள். ஐந்து முறை லீக் ஜெயித்த அணி அந்த வருஷப் பட்டியலில் ஒரு வரியாகக்கூட இல்லை.

இனி கலினின். கலைக்கப்பட்ட சி.டி.எஸ்.ஏ.வின் ஆட்டக்காரர்கள் ராணுவத்தினர், அவர்களை ராணுவம் எங்கே அனுப்பும்? முதல் பிரிவில் இருந்த இன்னொரு ராணுவ அணிக்குத்தான். அனாதோலி பஷாஷ்கின், யூரி நிர்கோவ், வலென்தீன் நிகோலாயெவ் போன்றவர்கள் கலினினுக்கு வந்தார்கள். முந்தைய அக்டோபரில் தன்னைத் தோற்கடித்த அணியின் முக்கிய ஆட்டக்காரர்களோடு கலினின் இப்போது ஒரே சட்டையில் ஆடியது. காகிதத்தில் பார்த்தால் கொடுத்து வைத்த அணி. அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்துவிட்டது. 'பி' பிரிவை ஜெயித்து, கூடுதல் நேரம் வரை போராடிய அந்த அணி அதே அணியாக இல்லை. மேலே வந்த முதல் சீசனின் நடுவிலேயே அது அண்ணன் வீட்டு அகதிகளுக்குச் சத்திரமாகிவிட்டது. வந்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஒரு சுற்று, 14 அணி, ஆளுக்கு 13 ஆட்டம். ஸ்பார்ட்டக் மாஸ்கோ ஜெயித்தது. கலினின் கீழே இறங்காமல் நின்றது. இவ்வளவு குறுகிய சீசன் யாருக்கும் நியாயமானதாக இருந்திருக்க முடியாது என்பதற்கு ஷாக்தியோர் ஸ்தாலினோவைப் பாருங்கள். இன்றைய டொனெட்ஸ்க் நகரத்தின் அணி. 1951-ல் மூன்றாவது இடம். 1952-ன் இந்த 13 ஆட்டத்தில் சறுக்கி 'பி' பிரிவுக்கு இறங்கிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் அணியைக் காப்பாற்ற யாரும் லீக்கைப் பெரிதாக்கவில்லை.

1953, பிறகு

1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். மகன் வசீலி ஏப்ரல் இறுதியில் கைதானார். அவருடைய வி.வி.எஸ். அதற்குள்ளாகவே கலைக்கப்பட்டுவிட்டது, போப்ரோவ் ஸ்பார்ட்டக்குக்குப் போனார், பஷாஷ்கினும் அங்கேதான் போனார், அந்த வருஷம் லீக் பட்டமும் ஸ்பார்ட்டக்குக்கு.

கலினின் அணி இப்போது எம்.வி.ஓ. என்ற பெயரில் சீசனைத் தொடங்கியது. ஊர் பெயரும் போய்விட்டது. சில ஆட்டங்கள் ஆடினார்கள். சீசன் நடுவில் அணி விலக்கப்பட்டது, ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் ரத்தாயின. 1953 பட்டியலில் கடைசியில் 11 அணிகள்தான் நின்றன, ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டம். முந்தைய வருஷம் சி.டி.எஸ்.ஏ.வுக்கு நடந்த அதே காரியம்தான், அழித்துவிட்டார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. சி.டி.எஸ்.ஏ. ஏன் கலைக்கப்பட்டது என்று ஊரெல்லாம் பேசியது, இன்று வரை எழுதுகிறார்கள். எம்.வி.ஓ. எந்த ஆட்டத்திலும் நாட்டின் மானத்தைக் கெடுக்கவில்லை, எந்த ஒலிம்பிக்குக்கும் அணியாகப் போகவில்லை. ராணுவத்துக்கு அந்த வருஷம் முதல் பிரிவில் அணி வேண்டாம் என்று ஆனது, அணி போய்விட்டது.

காரணங்களை அடுக்கிப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். கலினினை மேலே கொண்டுவந்த அதே கைதான் அதைத் துடைத்தது. அழைப்பாணையால் ஆள் சேர்க்க முடிகிற அமைப்பால் ஆணையால் ஆளைக் கலைக்கவும் முடியும். ஊருக்கு அணி மேல் எந்தப் பிடிப்பும் இல்லை, ஆட்டக்காரர்களுக்கு எங்கே ஆடுவது என்று சொல்லும் உரிமை இல்லை, லீக்குக்குத் தன் பட்டியலைக் காப்பாற்றும் அதிகாரம் இல்லை. ஆலை அணியாக இருந்திருந்தால்? 1952-ல் இறங்கிய ஷாக்தியோர் போல இறங்கியிருக்கலாம், ஆனால் இருந்திருக்கும். ஆலை இருக்கும் வரை அணி இருக்கும் என்பது அந்த அமைப்பிலேயே இருந்த ஒரு சின்னப் பாதுகாப்பு, ராணுவ மாவட்ட அணிக்கு அது இல்லை.

சரி, இதை எதிர்த்து ஒரு கேள்வி வரலாம்: அழைப்பாணையின் தயவில் ஏறிய அணி அழைப்பாணையால் போனதற்கு எதற்கு வருத்தம்? நியாயமான கேள்வி. என் பதில், அணி எப்படிச் சேர்ந்தது என்பது மேலிடத்தின் வேலை, ஆடியவர்களின் வேலை ஆடுவது. அந்த வருஷம் முழுக்க ரயிலில் அலைந்து ஜெயித்ததும், தினமோ மைதானத்தில் நாட்டின் சிறந்த அணியைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்ததும் அவர்கள் காலால் செய்தது. அதை எந்த ஆணையும் கொடுக்கவில்லை.

ஸ்டாலினுக்குப் பிறகு காற்று மாறியது. 1954-ல் சி.டி.எஸ்.ஏ.வை மறுபடி உருவாக்கினார்கள். எங்கே சேர்த்தார்கள்? நேராக 'ஏ' பிரிவில். இரண்டாம் பிரிவில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல். பயிற்சியாளர் கிரிகோரி பினாய்ச்செவ், 1955-லேயே கோப்பையை ஜெயித்தார்கள். அநியாயமாகக் கலைக்கப்பட்ட அணிக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்தது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதே 1954-ல் ஷாக்தியோர், அலெக்சாந்தர் பொனமார்யோவ் பயிற்சியில், 'பி' பிரிவின் முழு சீசனையும் ஆடி, ஜெயித்து, 1955-க்கு மேலே வந்தது. ஒருவருக்குக் கதவு திறந்து வைக்கப்பட்டது, இன்னொருவர் படியேறி வந்தார். 1952-ல் கலைந்த சி.டி.எஸ்.ஏ.வுக்கு நீதி கிடைத்தது, 1953-ல் கலைந்த எம்.வி.ஓ.வுக்கு அதைக் கேட்க ஆள் இல்லை.

ஆட்டக்காரர்கள் சிதறினார்கள். பஷாஷ்கின் சி.டி.எஸ்.ஏ.வுக்குத் திரும்பினார், 1956-ல் மெல்போர்னில் ஒலிம்பிக் தங்கம் ஜெயித்த அணியில் இருந்தார். நிர்கோவ் ஜெர்மனியில் நிறுத்தப்பட்டிருந்த சோவியத் படையின் அணிக்குப் போனார். அர்காதியெவ் 1953-லேயே லோகோமோட்டிவ் பயிற்சியாளராக வேலையைத் தொடர்ந்தார். இவர்கள் எல்லாம் சி.டி.எஸ்.ஏ. பெயரால் நினைவில் இருக்கிறவர்கள். 1951-ல் கலினினை 'பி' பிரிவின் உச்சிக்குக் கொண்டுபோனவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பிறகும் கீழ்ப் பிரிவு அணிகள் கோப்பையில் அசத்தின. 1962-ல் ஒரேஹொவோ-சுயெவோ ஊரின் ஸ்னாமியா த்ருதா இறுதிக்கு வந்து ஷாக்தியோரிடம் 0-2 என்று தோற்றது. 1969-ல் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த கர்பாத்தி லிவிவ் கோப்பையையே ஜெயித்துவிட்டது, இறுதியில் ரோஸ்தோவின் ராணுவ அணியை 2-1 என்று வீழ்த்தி.

கலினினில் பிற்காலத்தில் வோல்கா என்ற பெயரில் ஓர் அணி கீழ்ப் பிரிவுகளில் ஆடியது. முதல் பிரிவுக்கு வரவில்லை. கோப்பையின் இறுதி ஆட்டப் பட்டியலில் 1951-க்கு நேராக இன்றும் அந்த ஊர் பெயர் அப்படியே இருக்கிறது: சி.டி.எஸ்.ஏ. - கலினின், 2-1, கூடுதல் நேரத்தில்.